நூற்றுப் பன்னிரண்டாவது நிமிடம்

எங்கள் வீட்டுக்குத் தனியாகக் கூரை கிடையாது. விளையாட்டரங்கின் கிழக்கு கேலரிதான் கூரை. சமையலறைக்கு நேர் மேலே பதினான்காவது வரிசை. படுக்கையறைக்கு மேலே ஆறாவது வரிசை. அங்கே அப்பா குனிந்துதான் நிற்க வேண்டும். மேலே கோல் விழுந்தால் கீழே சுண்ணாம்புத் தூள் விழும். ஆட்ட நாட்களில் அம்மா எல்லாப் பாத்திரங்களையும் தட்டு போட்டு மூடிவிடுவாள். சத்தம் அடங்கியதும் தட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "கோல்தான்" என்பாள். எங்கள் குடும்பத்துக்கும் கால்பந்துக்கும் அவ்வளவுதான் உறவு.

அப்பா மைதானத்துப் புல்லைப் பராமரிப்பவர். முப்பத்தோரு வருடமாக அதே வேலை. வீடும் வேலையோடு வந்ததுதான். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. வடக்கு கோலுக்கு முன்னால் அவர் புதிதாக விதைத்திருந்த புல் முழுதாக வேர்பிடிக்கவும் எட்டு மாதம் ஆகும். அந்தப் புல்லை முழுசாகப் பார்த்துவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கும் நான் உலை வைத்தேன்.

அப்பா ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வீரர்கள் வரும் வழியின் வாயிலில் நின்று தரையைத்தான் பார்ப்பார். சர்வதேசப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஊடகப் பிரிவிலிருந்து ஓர் அக்கா கேமராவோடு வந்தார். மறக்க முடியாத தருணங்கள் என்று ஊழியர்களிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாதது எதுங்கய்யா?"

அப்பா நன்றாக யோசித்தார். "பூஞ்சை வந்ததுங்க."

"அதில்லைங்கய்யா. ஆட்டத்துல."

"ஆட்டத்துலதாங்க. கடைசி நிமிஷத்துல ஒருத்தர் கோல் போட்டு, ஜனமெல்லாம் உள்ள ஓடி வந்து அவரைத் தூக்கிட்டுப் போச்சே, அன்னிக்கு. ரெண்டு கை அகலத்துக்குப் பேத்துட்டாங்க. அந்த இடத்துலதான் ஆரம்பிச்சுது."

"கோல் எப்படிப் போட்டாருன்னு ஞாபகம் இருக்கா?"

"செருப்பெல்லாம் போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டாங்க" என்றார் அப்பா.

அக்கா கேமராவை அணைத்துவிட்டார்.

போட்டிக்காக அரங்கில் புதிதாகத் தானியங்கித் தெளிப்பான்கள் பொருத்தியிருந்தார்கள். இருபத்து நான்கு. சாதாரண நேரத்தில் தரைக்குள் இருக்கும். நேரம் வந்ததும் தலையைத் தூக்கித் தண்ணீர் அடிக்கும். பம்ப் அறையில் ஒரு பெட்டி, அதில் ஒரு டைமர். கையேடு எண்பத்தாறு பக்கம். அரங்கின் மேலாளர் அதை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா என்னிடம் கொடுத்தார். நான் தாவரவியல் படித்தவள். வேலை கிடைக்காத தாவரவியல் பட்டதாரிக்கு எண்பத்தாறு பக்கம் ஒரு விருந்து.

ஆட்டம் முடிந்ததும் பெயர்ந்த புல் துண்டுகளைப் பதித்து, நான்கே நிமிடம் தண்ணீர் விட்டால் சீக்கிரம் ஒட்டும் என்று கையேடு சொன்னது. அப்பா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"விடியக்காலையில விடற தண்ணிதான் தண்ணி. சாயங்காலம் இலை நனைஞ்சா பூஞ்சை வரும்."

"நாலு நிமிஷம்தாம்பா."

"நாலுன்னா சரி. அஞ்சாகக் கூடாது."

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஆட்டம் தொடங்குவது மாலை நான்கு மணி. இரண்டு பாதி, தலா நாற்பத்தைந்து நிமிடம். இடைவேளை பதினைந்து. வீணான நேரத்துக்காகச் சேர்ப்பது அதிகபட்சம் பத்து. ஐந்து ஐம்பத்தைந்து. கை குலுக்க, பேட்டி கொடுக்க, அப்பா புல்லைப் பதிக்க இருபத்தைந்து. ஆக, ஆறு இருபது. எல்லா ஆட்ட நாட்களுக்கும் அந்த நேரத்தையே டைமரில் முன்கூட்டிப் பதிந்து வைத்தேன்.

முதல் சுற்றில் எங்கள் அரங்கில் நான்கு ஆட்டங்கள் நடந்தன. நான்கிலும் ஆறு இருபதுக்குக் காலி மைதானத்தில் தெளிப்பான்கள் எழுந்தன. நான்கு நிமிடத்தில் அடங்கின. அவற்றில் ஓர் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. இரண்டு அணியும் கை குலுக்கிவிட்டுப் பேருந்தில் ஏறின. நான்கு சோதனை, நான்கும் வெற்றி. ஆய்வுக்கூடமாக இருந்தால் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது ஆட்டம் அரையிறுதி.

அன்று மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. கால்பந்துப் பைத்தியம். அரையிறுதிக்கு டிக்கெட் கிடைக்காததால் எங்கள் வீட்டு டிவியில் பார்க்க இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். "பாதி நேர்ல பார்த்த மாதிரிதானே?" என்றார். ஆனால் டிவியில் படம் ஏழு விநாடி தாமதமாக வரும். மாமா பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து தூள் விழுந்துவிடும்.

"அக்கா, உன் வீடு சரியில்லை. சஸ்பென்ஸே இல்லை."

"உன்னை யாரு வரச் சொன்னா? தலையைத் துடை" என்றாள் அம்மா.

நான் உள்ளறையில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து வெளியே வந்தபோது மணி ஆறு எட்டு. மேலே கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் போகலையா மாமா இவங்க?"

"எப்படிடி போவாங்க? ஒண்ணுக்கு ஒண்ணு. எக்ஸ்ட்ரா டைம்."

"அப்படின்னா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மைதானத்துக்கு அடியிலேயே பொறந்து வளர்ந்த பொண்ணு கேக்கற கேள்வியா இது? நாக் அவுட்டும்மா. சமமா இருந்தா வீட்டுக்குப் போக முடியாது. கூடுதலா அரை மணி நேரம் ஆடணும். இப்ப அதுல பாதிதான் ஆகப் போகுது."

எங்கள் அரங்கில் அதுவரை நடந்ததெல்லாம் லீக் ஆட்டங்கள். முப்பத்தோரு வருடமாக இங்கே சமன் என்றால் சமன். ஆறு இருபதுக்கு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்.

செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆட்டம் நடக்கும்போது அப்பாவின் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மைதானத்துக்குள் போக ஒரே வழி தெற்கு வாயில். அங்கே ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்?"

"இல்லைண்ணே. அப்பாவைப் பார்க்கணும்."

"ஆட்டம் முடியட்டும்மா."

எனக்குத் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் முதல் சொல் வரும். இரண்டாவது சொல் வரத் தயங்கும். இருபத்து நான்கு தெளிப்பான்கள், ஒரு டைமர், நாற்பதாயிரம் பேர், உலகம் முழுக்க நேரலை. இதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"தண்ணி..." என்றேன்.

அவர் நல்ல மனிதர். நாற்காலிக்கு அடியிலிருந்து தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். "ஓடி வந்தியா? மூச்சு வாங்குது பாரு. குடி, குடி."

நான் வாங்கிக் குடித்தேன். என் வாழ்க்கையில் செய்த எல்லாத் தவறுகளையும் வரிசைப்படுத்தினால் அந்த மூன்று மடக்குதான் முதலில் வரும். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தபோது சுவர்க் கடிகாரம் ஆறு இருபது காட்டியது.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கோலுக்கு ஒரு சத்தம் உண்டு, கோல் தவறினால் ஒரு சத்தம் உண்டு. இரண்டும் எனக்குத் தூக்கத்திலேயே தெரியும். இது வேறு. நாற்பதாயிரம் பேர் ஒன்றாகச் சிரித்தார்கள்.

காவலாளி செல்போனைக் குழப்பமாகப் பார்த்தார். அதில் இன்னும் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பந்தை வைத்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஏழு விநாடி. அதற்குள் நான் அப்பாவின் எட்டு மாதத்தையும் எங்கள் சமையலறையையும் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா!" என்று கத்தினார் அவர். "உள்ள தண்ணி அடிக்குது!"

"தெரியும்ணே" என்றேன்.

நடந்தது இதுதான். நூற்றுப் பன்னிரண்டாவது நிமிடம். வடக்கு கோலில் பெனால்டி. அடிக்க வந்தவர் பத்தாம் எண் வீரர். அவர் முகம் ஒட்டாத பேருந்து நிறுத்தம் அந்த மாதத்தில் கிடையாது. ஓடி வந்து காலை ஓங்கினார். பக்கத்தில் ஒரு தெளிப்பான் எழுந்து அவர் முகத்தில் அடித்தது. வழுக்கி மல்லாந்து விழுந்தார். பந்து அவர் காலில் பட்டும் படாமலும் உருண்டு ஏழடி போய் நின்றது. கோல்காப்பாளரோ இடது பக்கம் பாய்ந்து, வராத பந்துக்காகத் தரையில் நீளமாகக் கிடந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. பத்தாம் எண் எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்தார். கோல்காப்பாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். பத்தாம் எண் அவரையும் இழுத்துக் கீழே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் இருபத்திரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். நடுவர் ஊதினார், ஊதலுக்குள் தண்ணீர் போய்விட்டது.

அப்பா பம்ப் அறைக்கு ஓடியிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. பாதுகாப்புக்காகப் போட்டி முடியும்வரை சாவி மேலாளரிடம் இருக்க வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. மேலாளர் முக்கிய விருந்தினர் வரிசையில் இருந்தார். ஆகவே நான் வைத்தபடியே, ஒரு விநாடி கூடாமல் குறையாமல், நான்கு நிமிடம் தண்ணீர் ஓடியது.

பெனால்டியை மறுபடி அடித்தார்கள், கோல் விழுந்தது. அந்த அணி இறுதிக்குப் போனது. எல்லாம் முடிந்ததும் அப்பா தனியாக உள்ளே போய் வடக்கு கோலின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, இருபத்திரண்டு பேர் புரண்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டார். விளக்கக் கடிதம் எழுதுவதற்கு என்று நானும் கூடப் போனேன்.

"உலகத்துக்கு முன்னால மானம் கப்பலேறிப் போச்சுய்யா" என்றார் மேலாளர். "நேத்து ராத்திரி எத்தனை போன் தெரியுமா எனக்கு? தோத்தவங்க புகார் குடுத்திருக்காங்க. சதின்னு எழுதியிருக்காங்க, சதின்னு!"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எழுதும்மா. என்னுடைய கவனக்குறைவால் நேரம் தவறாகப் பதிவு செய்யப்பட்டது. இதற்கு நான் மட்டுமே முழுப் பொறுப்பு."

நான் எழுதினேன். டைமரை வைத்தது நான் சார். சொல்ல வேண்டியது அந்த நான்கே சொல். இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் மேசையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றியும்தான்.

"இன்னையிலேருந்து வேலை கிடையாது. விசாரணை முடிஞ்சதும் ஆர்டர் வரும். வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அம்மா அன்றே சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். அந்தத் தாளிலும் பத்தாம் எண் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு டம்ளரை வைத்துச் சுருட்டினாள். அப்பா கதவருகே உட்கார்ந்து, "வடக்குப் பக்கம் இன்னிக்கு யாரு தண்ணி விட்டிருப்பா?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா! நாலு கோடி!"

"என்ன நாலு கோடி?"

"நாலு கோடி பேர் பார்த்திருக்காங்க! அத்தான் விட்ட தண்ணியை!"

உலகம் பூராவும் அந்த நான்கு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டியின் மறக்க முடியாத தருணம் எது என்று வாக்கெடுப்பு வைத்ததில் எங்கள் தண்ணீர் முதலிடம். இரண்டாம் இடம் பாதி மைதானத்திலிருந்து அடித்த ஒரு கோல். அதற்குப் பாதிக்குப் பாதி வாக்குகூட விழவில்லை. "சின்ன வயசுல மழையில ஆடினது ஞாபகம் வந்துடுச்சு" என்று பத்தாம் எண் பேட்டி கொடுத்திருந்தார். தோற்ற அணியின் கோல்காப்பாளர் அதை ஆமோதித்திருந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

"அத்தான், உங்களை உலகமே கொண்டாடுது" என்றார் மாமா.

"நாலு நிமிஷத்தோட நின்னுச்சு. அதனால தப்பிச்சுது" என்றார் அப்பா. அவர் சொன்னது புல்லை.

அன்று மாலையே மேலாளர் ஆள் அனுப்பினார். இந்த முறை உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஊடக அக்கா. மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"பழைய காகிதத்தைக் கிழிச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அப்பா தாளை என்னிடம் தள்ளினார். வாசித்தேன். வீரர்களின் களைப்பைப் போக்கவும் ரசிகர்களை மகிழ்விக்கவும், மேலாளர் அவர்களின் சிந்தனையில் உதித்த திட்டத்தின்படி, நூற்றுப் பன்னிரண்டாவது நிமிடத்தில் நீர் தெளிக்கப்பட்டது.

"இது பொய்யாச்சே சார்" என்றார் அப்பா.

"அன்னிக்குப் போட்டீங்களே, அது மட்டும் உண்மையா?"

"அது பாதி உண்மைங்க."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஜாக்கிரதையாக மீன் தொட்டியைப் பார்த்தார். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

"டைமரை வெச்சது நான் சார்" என்றேன்.

மூன்று நாளாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த சொற்கள். மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீயா?"

"ஆமா சார்."

"ரொம்ப நல்லா வெச்சிருக்கம்மா!" என்றார். "என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்ஸி. தாவரவியல்."

"பாருங்க, நம்ம அரங்கத்துக்கு அடியிலேயே ஒரு விஞ்ஞானி!" என்று ஊடக அக்காவிடம் சொன்னார். அக்கா அதைக் குறித்துக்கொண்டார்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. இறுதி ஆட்டத்தன்று தொடக்க விழாவில் அந்தத் தருணத்தைத் திரும்ப நடத்திக் காட்டப் போகிறார்களாம். இருநூறு நடனக் கலைஞர்கள் பத்தாம் எண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். மூன்று முப்பதுக்குத் தெளிப்பான்கள் எழும். பத்து நிமிடம்.

"முடியாதுங்க" என்றார் அப்பா.

அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"என்னய்யா முடியாது? திறந்தா வருது."

"நனைஞ்ச தரையில இருநூறு பேர் ஆடினா அது மைதானம் இல்லைங்க, சேறு. வடக்குப் பக்கம் இளம் வேரு. அப்புறம் எழும்பவே எழும்பாது."

"பைனலுக்கு அப்புறம் இங்க யாரு ஆடப் போறா? நீங்களும் எட்டு மாசத்துல போயிடுவீங்க. எதுக்குய்யா இந்தப் புல்லுக்கு இவ்வளவு?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்றதைக் கேளுங்க. கையெழுத்துப் போட்டா உடனே வேலை, வீடு எல்லாம் திரும்பக் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை தண்ணி வந்தா எட்டு மாசம் நிம்மதியா இருங்க. வரலைன்னா அன்னிக்கே வீட்டைப் பூட்டிச் சாவி குடுத்துடணும்."

அப்பா நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். டைமரைத் தொட மாட்டேன் என்பதை மட்டும் விடவில்லை. மேலாளர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு கடிதம் தயாரானது. இரண்டு நாளைக்குத் தற்காலிக நீர்ப்பாசன ஆலோசகர். என் வாழ்க்கையின் முதல் வேலை நியமனம். கூடவே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ்.

வீட்டில் மாமா அதை உரக்க வாசித்தார். "நீர் தெளிக்கும் நேரத்தை நிர்ணயிக்கும் முழுப் பொறுப்பும் உங்களுடையது. புல் பராமரிப்பாளர் இதில் எவ்விதத்திலும் தலையிடக் கூடாது... அடேங்கப்பா! அப்பாவுக்கே அதிகாரி ஆயிட்டியேடி! நகல் மூணு ஆபீசுக்குப் போகுது!"

"சம்பளம் போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

"அது ஒண்ணுதான் போடலை."

நான் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தேன். பிறகு இன்னொரு முறை. கையேட்டைப் படித்த மாதிரி, ஒவ்வொரு வரியாக.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா வடக்கு கோலுக்கு முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப்பா வைக்கறது?"

"என்னைக் கேக்காதம்மா. நான் தலையிடக் கூடாது."

"டைமரைப் பத்திக் கேக்கலைப்பா. இந்தப் புல்லுக்கு அடுத்த தண்ணி எப்ப வேணும்?"

அவர் குனிந்து கட்டைவிரலைத் தரையில் அழுத்தினார். விரலை எடுத்துப் பார்த்தார். "இப்போதைக்கு ஈரம் போதும். மேட்ச் முடிஞ்சு திங்கட்கிழமை விடியக்காலை விட்டா சரியா இருக்கும். அஞ்சரைக்கு."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம்." கொஞ்சம் கழித்துச் சொன்னார். "உங்கம்மா இன்னும் டம்ளர் எல்லாம் பிரிக்கலை. பிரிக்க வேணாம்னு சொல்லிடவா?"

"எனக்குத் தெரியலைப்பா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. கடிதம் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் நான்கு சோதனை வெற்றியானதும் இப்படித்தான் நினைத்தேன்.

பம்ப் அறைக்கு மேலாளரே வந்து சாவியைப் போட்டுத் திறந்தார். நான் டைமரை வைக்கும்போது பக்கத்தில் நின்று மரியாதையாகப் பார்த்தார். அந்தச் சின்னத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். கூச்சம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெற்கு வாயிலில் அதே காவலாளி. என் பாஸைப் பார்த்து எழுந்து நின்றார்.

"இன்னிக்கும் தண்ணியாம்மா?"

"இன்னிக்குத் தண்ணி வராதுண்ணே" என்றேன். முழு வாக்கியமாக.

"அப்படியா? சரி, சரி" என்று செல்போனுக்குத் திரும்பிவிட்டார்.

மூன்று முப்பதுக்கு இருநூறு பேரும் வரிசையாக நின்றார்கள். இசை உச்சத்துக்குப் போய் நின்றது. எல்லோரும் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார்கள். நான் பம்ப் அறைக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் நீலமாக இருந்தது. இசைக்காரர்கள் அதே உச்சத்தை மறுபடி வாசித்தார்கள். இருநூறு வாய்கள் அப்படியே இருந்தன. நாற்பதாயிரம் பேர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் ஒருவர் சிரித்தார். கிழக்கு கேலரி முழுக்கச் சிரித்தது. அம்மா இந்நேரம் தட்டைத் தேடியிருப்பாள்.

முக்கிய விருந்தினர் வரிசையிலிருந்து மேலாளர் இறங்கி ஓடி வந்தார். கோட்டு, டை, கையில் சாவி. மைதானத்தின் ஓரமாக முழு நீளமும் ஓடினார். கேமரா அவர் கூடவே வந்தது. கூட்டம் கைதட்டி உற்சாகப்படுத்தியது.

"ஏன் வரலை?" என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

"வரும் சார்."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு."

அவர் கதவைத் திறந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். பதினாறு பொத்தான்கள். எதைத் தொட்டாலும் ஆட்டத்தின் நடுவே தண்ணீர் வந்துவிடுமோ என்று விரலை மடக்கிக்கொண்டார்.

"உங்கப்பன் வேலை இதோட சரி! இன்னிக்கே சாவி குடுக்கச் சொல்லு!"

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"அப்பாவுக்கு இதுல சம்பந்தம் இல்லை சார். முழுப் பொறுப்பும் எனக்குன்னு எழுதியிருக்கீங்க. அவர் தலையிடக் கூடாதுன்னும் எழுதியிருக்கீங்க. நகல் மூணு ஆபீசுக்குப் போயிருக்கு."

அவர் தன் கையெழுத்தை, வேறு யாரோ போட்டதைப் போல உற்றுப் பார்த்தார். ஒரு பொத்தானைக்கூடத் தொடாமல் பெட்டியை மூடினார்.

"உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு" என்றார்.

"சரி சார்."

"மேட்ச் முடிஞ்சதும் பாஸை வாயில்ல ஒப்படைச்சுட்டுப் போ."

அவருக்கு நிற்க நேரமில்லை. அணிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன.

கழுத்தில் பாஸ் இன்னும் இருந்ததால், அப்பா நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். வீட்டுக்கு மேலே நடப்பதை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை. புல் ஒரே சீராக இருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றார் அப்பா.

"என்னை எடுத்துட்டாரு."

"என்னை?"

"உங்களைப் பத்தி அவரால ஒண்ணும் சொல்ல முடியலைப்பா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு வழக்கம்போலத் தரையைப் பார்க்கத் தொடங்கினார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் பந்து வடக்குப் பக்கம் போனது. பத்தாம் எண் ஓடி வந்து திரும்பினார்.

"பாரு, பாரு" என்று அப்பா என் தோளைப் பிடித்தார். "குதிகாலை ஊனித் திரும்பறான். பேத்துட்டான் பாரு."

சரியாக ஒரு கை அகலம். வேரோடு எழும்பிய துண்டு பக்கத்தில் கிடந்தது. வேர் வெள்ளையாக, ஆரோக்கியமாக இருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் நாற்பதாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கோலையும் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய கோல் அது என்று பிறகு மாமா சொன்னார். அது எப்படி விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஒட்டிக்குமாப்பா?" என்று கேட்டேன்.

"வேர் இருக்கு. இப்பவே அமுக்கி வெச்சா ஒட்டிக்கும்" என்றார் அப்பா. "எப்ப முடியும் இது?"